28 அறை மாத்திரை டப்பா: கிட்னி மாற்றிய வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு இத்தனை நீள விமர்சனமா என்று யாராவது கேட்டால், அவர்கள் வீட்டில் இன்னும் அந்த நிலைமை வரவில்லை, வராமலே இருக்கட்டும். எங்கள் வீட்டில் வந்தது. அண்ணனுக்கு மதுரையில் கிட்னி மாற்று ஆபரேஷன், கொடுத்தது அம்மா. ரெண்டு பேரும் அம்பாசமுத்திரம் வீட்டுக்குத் திரும்பியபோது கூடவே ஒரு பை நிறைய மாத்திரையும், எதை எப்போது போடணும் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்த ஒரு தாளும் வந்தன. அந்தத் தாளில் அடித்தல் திருத்தல் ஏறி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, அப்புறம் மடிப்பில் கிழிந்து, கடைசியில் மதினியைத் தவிர யாருக்கும் அது புரியாமல் போன பிறகுதான் டப்பா வாங்கினோம்.

பொருள் இதுதான். ஏழு நாளுக்கு ஏழு வரிசை, வரிசைக்கு நாலு அறை, ஒவ்வொரு வரிசையும் தனியாகக் கழன்று வரும், எல்லாம் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 350 ரூபாய் சொன்னார்கள், பேசி 300க்கு வாங்கியது. கம்பெனி பெயர் டப்பாவிலும் இல்லை, அட்டையிலும் இல்லை, அதனால் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இதே அச்சில் வந்த டப்பாக்கள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கிற மாதிரி மறதிக்கு மருந்து என்பதற்காக இல்லை. எங்கள் அண்ணனுக்கு மறதியே கிடையாது. டயாலிசிஸில் இருந்த காலத்தில் எந்த நாளில் உடம்பில் நீர் சேர்ந்து எத்தனை கிலோ எடை ஏறியது என்பது வரை மனப்பாடமாகச் சொன்ன ஆள். பிரச்சினை எங்களிடம்தான். காலையில் எழுந்தால் அம்மா, "எய்யா, மாத்திரை போட்டியா?" அடுத்தது மதினி. குளித்துவிட்டு வந்தால் அப்பா. பாளையங்கோட்டையிலிருந்து போனில் நான். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "என்னய்யா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுதியா?" எல்லாருக்கும் பாசம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வயது மனுஷனைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டால் அவன் என்ன செய்வான்? போதாக்குறைக்கு பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேறு. அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் கிளப்பும். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

டப்பா வந்ததும் அதை ஹாலில் டிவி ஸ்டாண்டின் மேல் தட்டில் வைத்தோம். மூடி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அந்தப் பக்கம் போகிற யாரும் ஒரு பார்வை பார்த்தால் போதும், அறை காலியா இல்லையா என்று தெரிந்துவிடும். கேட்கிற கேள்வி நின்றது. அம்மா மட்டும் பழக்கதோஷத்தில் வாயைத் திறப்பாள், டப்பாவைப் பார்ப்பாள், "காப்பி வேணுமா" என்று மாற்றிக்கொள்வாள். 300 ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்.

இனி குறைகளுக்கு வருகிறேன், அவை கொஞ்சம் அதிகம்.

முதலாவது, மூடி. உறுப்பு மாற்றியவர்கள் போடுகிற முக்கிய மாத்திரை டாக்ரோலிமஸ். புதுக் கிட்னியை உடம்பு அந்நியம் என்று நினைத்துத் தாக்காமல் தடுப்பது அதுதான். அதன் பக்கவிளைவுகளில் ஒன்று கை நடுக்கம், முக்கியமாக அளவு கூடுதலாக இருக்கும்போது. அண்ணனுக்கு முதல் மாதங்களில் சட்டைப் பட்டன் போடவே சிரமமாக இருந்தது. இந்த டப்பாவின் மூடியோ நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் திறக்கிற ரகம், திறக்கும்போது படக்கென்று திறந்து உள்ளே இருப்பது கட்டிலுக்கடியில் போய் விழும். இப்படி ஒரு டப்பாவை வடிவமைத்தவர் நடுங்குகிற விரல் எதையும் பக்கத்தில் பார்த்ததில்லை போல. நாங்கள் செய்தது: மதினி எமரி பேப்பரை எடுத்து ஒவ்வொரு மூடியின் கொக்கியையும் லேசாகத் தேய்த்துவிட்டாள். இப்போது கட்டைவிரலால் தள்ளினாலே திறக்கிறது.

ரெண்டாவது, அறையின் ஆழம். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். டாக்ரோலிமஸ் கேப்ஸ்யூலை ஸ்ட்ரிப்பிலிருந்து எடுத்த உடனே விழுங்கிவிட வேண்டும், உதிர்த்து முன்கூட்டியே போட்டு வைக்கக் கூடாது, ஈரப்பதம் ஆகாது. அப்படியானால் டப்பாவில் எப்படி வைப்பது? ஸ்ட்ரிப்போடு சேர்த்துக் கத்தரித்து வைக்கிறோம். கத்தரித்த ஸ்ட்ரிப்பு மாத்திரையைவிட ரெண்டு மடங்கு இடம் பிடிக்கும், மூலை கூராக இருக்கும், மூடி மூடாது. கிட்னியை உடம்பு தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸோடு சேர்த்துக் கொடுக்கிற மைக்கோஃபீனலேட் மாத்திரையும் சின்ன சைஸ் இல்லை. இந்த டப்பாவில் எப்படியோ அமுக்கி மூடுகிறோம், ஆனால் அறை இன்னும் அரை விரல் ஆழம் இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. கத்தரிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள், மருந்தின் பெயர் தெரிகிற மாதிரி வெட்டணும், எக்ஸ்பைரி தேதி இருக்கிற ஓரத்தைக் கடைசி வரை வெட்டாமல் வைத்திருக்கணும். இல்லையென்றால் வாரக் கடைசியில் கையில் இருப்பது எது என்றே தெரியாத வெள்ளித் துண்டுகள்தான் மிஞ்சும்.

மூன்றாவது, எழுத்து. நாட்களுக்கு ஆங்கில முதல் எழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள். ரெண்டு டி, ரெண்டு எஸ். செவ்வாயா வியாழனா, சனியா ஞாயிறா என்று இங்கிலீஷ் தெரிந்தவனே ஒரு நொடி யோசிக்கணும், அம்மா என்ன செய்வாள்? அண்ணன் மகன் ஸ்கெட்ச் பேனா எடுத்து ஒவ்வொரு வரிசையிலும் தமிழில் நாள் பெயர் எழுதி மேலே செலோடேப் ஒட்டினான். அதோடு நிற்காமல் ஞாயிறு வரிசையில் ஒரு கிரிக்கெட் மட்டை வேறு வரைந்திருக்கிறான். அதுவும் நல்லதுக்குத்தான், அந்த வரிசையை இப்போது யாரும் தப்பாக எடுப்பதில்லை.

வேளையின் பெயரும் அப்படித்தான், காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று அச்சடித்திருப்பது எங்களுக்கு உதவவில்லை. அண்ணனுக்கு டாக்ரோலிமஸ் காலை 8 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும், நடுவில் 12 மணி நேர இடைவெளி, ரெண்டு தடவையும் வெறும் வயிற்றில். பிரட்னிசலோன் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும். அதனால் காலைக்கே ரெண்டு அறை தேவைப்படுகிறது. சாயங்காலத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே எங்கள் டப்பாவில் முதல் அறை '8 மணி', ரெண்டாவது அறை 'இட்லிக்குப் பிறகு', மூன்றாவது மதியம், நாலாவது 'ராத்திரி 8'. நிமோனியா வராமல் தடுக்க ஆரம்ப மாதங்களில் கொடுக்கிற கோட்ரைமாக்ஸசோல் ரெண்டாவது அறைக்குப் போனது. அசிடிட்டி மாத்திரை, கால்சியம் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்தால் எந்த அறை என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட் மைக்கோஃபீனலேட்டோடு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது.

இந்த 8 மணி எங்கள் வீட்டையே மாற்றிவிட்டது என்று சொல்லணும். ஏழரைக்கே தோசைக் கல் காய்கிற வீடு, இப்போது காலைப் பலகாரம் 9 மணிக்கு. ராத்திரிச் சாப்பாடும் 9. அப்பா சர்க்கரை நோயாளி, அவரால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது, அதனால் அவருக்கு முதல் பந்தி.

அப்பா பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. அண்ணனுக்கு வாங்கியதைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாட்டி" என்றார். கடையில் அதே டப்பாதான் இருந்தது, அதே வெள்ளை. நான் வாங்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே ஸ்டாண்டில், ஒரே மாதிரி ரெண்டு டப்பா இருந்தால் என்றைக்காவது ஒருவர் மாத்திரை இன்னொருவர் வாய்க்குள் போகும். அப்பாவுக்கு வேறு வடிவத்தில், நீலத்தில், ஒரு வரிசை மட்டும் உள்ளதை ஜங்ஷன் பக்கம் தேடி வாங்கினேன். அது அவருடைய கட்டில் பக்கத்தில் இருக்கிறது, ஹாலுக்கு வருவதில்லை.

ரத்தம் எடுக்கிற நாளைப் பற்றிச் சொல்லியாகணும், ஏனென்றால் இந்த டப்பாவின் உண்மையான பலன் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட்டுக்கு, முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆன பிறகு, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்கணும். போட்டுவிட்டுப் போனால் அளவு தாறுமாறாக ஏறிக் காட்டும், டாக்டர் அதை நம்பி டோஸைக் குறைத்தால் கிட்னிக்கு ஆபத்து. அளவு குறைந்தால் உடம்பு கிட்னியை நிராகரிக்கும், கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். அவ்வளவு குறுகிய பாதை. எங்கள் வீடு மாதிரி ஆளாளுக்கு "போட்டியா, போட்டியா" என்று தண்ணீர் டம்ளரோடு நிற்கிற வீட்டில் அந்த ஒரு நாள் போடாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டம். மதினி கண்டுபிடித்த வழி, முதல் நாள் ராத்திரியே அந்த வரிசையைத் தட்டிலிருந்து கழற்றி, சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு, லேப் சீட்டோடு சேர்த்துப் பையில் வைத்துவிடுவது. தட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் இன்றைக்கு யாரும் எதையும் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். திருநெல்வேலியில் ரத்தம் கொடுத்துவிட்டு லேப் வாசலிலேயே அண்ணன் மாத்திரையைப் போட்டுக்கொள்வான். வரிசை கழன்று வருகிற வசதி இல்லாத டப்பாவை தயவுசெய்து வாங்காதீர்கள்.

ரிசல்ட் வந்தால் டோஸ் மாறும், ஆரம்பத்தில் அடிக்கடி மாறும். அரை மில்லிகிராம் கூட்டுவது, குறைப்பது. அதனால் டெஸ்ட் இருக்கிற வாரத்தில் முழுசாக நிரப்ப வேண்டாம், நிரப்பினால் எல்லாவற்றையும் கொட்டி மறுபடியும் அடுக்கணும்.

டப்பாவை நிரப்புவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இது அம்மாவின் வேலை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கிட்னி கொடுத்தவளும் ஆபரேஷன் ஆனவள்தானே, ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை அண்ணன் பக்கத்தில் வைத்துவிட்டு அண்ணனைத்தான் விசாரித்தார்கள், அம்மா எழுந்து காப்பி போட்டுத் தரணும் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. கனம் தூக்கக் கூடாது, குடம் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். (1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் மனைவி எல்லாம் நெருங்கிய உறவு. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். இதைக் கேட்டதும் எங்கள் ஆச்சி, "முன்னாலயே சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேம்லா" என்றாள். அவளுக்கு வயது 84.) மதினி நோட்டைப் பார்த்து வாசிக்க, அம்மா கத்தரித்து அடுக்க, பேரன் எண்ணிச் சரி பார்க்க, அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் வராமல் மாடியில் இருப்பான். முதல் மாதங்களில் அப்படித்தான் இருந்தது.

டப்பாவுக்கு முன்னால் வேறு ரெண்டும் முயற்சி செய்தோம். துபாயில் இருக்கிற சித்தப்பா மகன் அலாரம் அடிக்கிற எலக்ட்ரானிக் டப்பா ஒன்று அனுப்பினான், விலை கேட்டால் மயக்கம் வரும். நேரமானால் விளக்கு எரிந்து கூவும், மூடியைத் திறக்கும் வரை நிற்காது. அண்ணனுக்கு அதைக் கேட்டாலே முகம் மாறிவிடும், டயாலிசிஸ் மெஷின் அலாரம் மாதிரியே இருக்கிறது என்றான். அது இப்போது பேட்டரி இல்லாமல் பரணில் கிடக்கிறது. போனில் ஆப் போட்டதும் சரிப்படவில்லை, மணி அடித்ததும் 'போட்டாச்சு' என்று தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம், மாத்திரை ஸ்ட்ரிப்பிலேயே இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. தனியாக இருக்கிறவர்களுக்கு வேண்டுமானால் ஆப் நல்லது.

மெடிக்கல் ஷாப் விஷயமும் டப்பாவோடு சேர்ந்ததுதான். ஒரு தடவை ஒரு கடையில் டாக்ரோலிமஸ் வேறு கம்பெனி கொடுத்து, "எல்லாம் ஒரே மருந்துதாம்மா" என்றார்கள். டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றக் கூடாத மருந்து இது, மாற்றினால் மறுபடியும் ரத்த அளவு பார்க்கணும். ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கிற அம்மாவுக்கு நிறம் வேறாக இருந்ததால் பிடிபட்டது. உதிர்த்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொன்று, தலைவலி முதுகுவலி என்று டாக்டரைக் கேட்காமல் பெயின் கில்லர் எதையும் இந்த டப்பாவுக்குள் விடாதீர்கள், அவற்றில் பல கிட்னிக்கு ஆகாது. வந்தவர்கள் கொடுக்கிற கஷாயம், லேகியம், சூரணத்துக்கும் அதே பதில்தான். கொடுத்தவர் மனம் நோகாமல் வாங்கி வைத்துவிடலாம். பம்பளிமாஸ் பழமும் கூடாது, அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருப்பது ஒன்று. தோட்டத்து மண்ணில் கை வைக்காதே, வைத்தால் கையுறை போடு, மண்ணில் கிருமி இருக்கிறது என்று அண்ணனிடம் அத்தனை தடவை சொன்னார்கள். அந்த டாக்ரோலிமஸே 1984இல் ஜப்பானில் சுகுபா என்ற ஊர்ப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கண்டுபிடித்ததுதானாம்.

உடம்பு தேறுவது மெதுவாகத்தான் நடந்தது, அதை டப்பாவை வைத்தே சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் டப்பா ஹாலை விட்டு நகரவில்லை, அண்ணனும் நகரவில்லை. மாஸ்க், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், தனி டம்ளர், பார்க்க வருகிறவர்கள் வாசலோடு. அப்புறம் சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வரை நடை, நாலு அறையில் ஒன்றும் அந்த நேரத்தில் இல்லாததால் கையை வீசிக்கொண்டு போவான். தாமிரபரணிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஆற்றில் குளிக்காமல் இருப்பது அவனுக்குப் பெரிய தண்டனை, படித்துறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவான். ஆனித் தேருக்கு நெல்லை டவுனுக்குப் போகணும் என்று அடம்பிடித்தான், அந்தக் கூட்டத்தில் யாரும் விடவில்லை.

முதன்முதலில் வெளியே சாப்பிடப் போனது கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண மறுவீட்டுக்கு. தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் மறுவீடா. அன்றைக்கு வரிசையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், மதிய அறையைப் பந்தியிலேயே திறந்தான். பக்கத்தில் இருந்தவர் "என்னவே, டப்பால என்ன?" என்று எட்டிப் பார்க்க, "வெத்தலைப் பாக்குவே" என்றான். அப்பளத்தை மட்டும் இலையில் வைக்க விடவில்லை, உப்பு. சூடாக வந்த சொதியை ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கினான். அந்த வாரம்தான் ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, கத்தரிக்கோலைக் குடு" என்றான். அம்மாவுக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை, வேலை போய்விட்டதே. இப்போது அவன் அடுக்குகிறான், அம்மா எண்ணுகிறாள்.

சின்னக் குறைகள் இன்னும் உண்டு. குழந்தைகள் திறக்க முடியாத மாதிரி பூட்டு கிடையாது, அதனால் கைக்கு எட்டாத உயரம் அவசியம். அடுப்படியிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்க வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துபோகிறது, மருந்துக்கும் சூடு ஆகாது. ஒரு மூடி கீலோடு ஒடிந்துவிட்டது, தனி வரிசை மட்டும் கிடைக்குமா என்று கேட்டால் கடையில் கிடையாது என்றார்கள், முழு டப்பாதான் வாங்கணுமாம். இது பச்சை அநியாயம். செவ்வாய் வரிசை இப்போது செலோடேப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆழமும் தமிழ் எழுத்தும் இருந்தால் நாலரை. வாங்கப் போகும்போது உங்கள் மாத்திரையிலேயே பெரிய ஸ்ட்ரிப்பு ஒன்றைக் கத்தரித்துக் கையோடு கொண்டுபோங்கள், அறையில் வைத்து மூடிப் பாருங்கள், மூடியை ஒரே கையால் திறந்து பாருங்கள், 28 மூடியையும். "என்ன அண்ணாச்சி, ஒண்ணொண்ணா பாக்கலாம்லா" என்று கேட்டுவிட்டே செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.